மெதடிஸ்ட் லோக்கல் பிரீச்சர்: அனுமதி பெறுவது முதல் ஆராதனை நடத்துவது வரை

பிரிட்டனில், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவான மெதடிஸ்ட் சபையின் ஒரு சர்க்கிட், அதாவது பல ஆலயங்கள் சேர்ந்த சேகரம். அதில் 12 ஆலயங்கள், 3 போதகர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு காலை பத்தரைக்கு 12 இடத்திலும் ஆராதனை தொடங்க வேண்டும். போதகர்கள் ஆளுக்கொன்றாகப் போனாலும் 9 ஆலயங்கள் மீதி. அங்கெல்லாம் பிரசங்க பீடத்தில் நிற்பவர் வார நாளில் ஆசிரியராகவோ, தாதியாகவோ, பேருந்து ஓட்டுநராகவோ இருக்கிறவர். சம்பளம் கிடையாது, போக்குவரத்துச் செலவு மட்டும் உண்டு. இவரைத்தான் லோக்கல் பிரீச்சர் என்கிறார்கள். போதகர் வராததால் யாரையோ பிடித்து நிறுத்திய ஏற்பாடு என்று இதை நினைக்க வேண்டாம். மெதடிஸ்ட் இயக்கம் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் நடந்திருக்கிறது.

லண்டனில் ஃபவுண்டரி என்ற பழைய பீரங்கி வார்ப்புக் கூடத்தை, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி கூடுகையிடமாக மாற்றியிருந்தார். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் தாமஸ் மேக்ஸ்ஃபீல்ட் என்ற குருப்பட்டம் பெறாத இளைஞர் அங்கே பிரசங்கிக்கத் தொடங்கினார். செய்தி கேட்டு வெஸ்லி கோபத்தோடு திரும்பி வந்தார். அவருடைய தாய் சுசன்னாவோ, முதலில் அவன் பேசுவதைக் கேட்டுவிட்டு முடிவு செய் என்றார். கேட்டார், ஏற்றுக்கொண்டார். ஊர் ஊராகச் சுற்றியவர்கள் பயணப் பிரசங்கிகள். சொந்தத் தொழிலை விடாமல் தம் வட்டாரத்திலேயே பிரசங்கித்தவர்கள் லோக்கல் பிரீச்சர்கள். 1834-இல் தொழிற்சங்கம் சேர்த்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட டோல்படில் பண்ணைத் தொழிலாளர்களின் தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ் இப்படிப்பட்ட பிரசங்கிதான். பெண்களின் பாதை இன்னும் கரடுமுரடானது. சாரா கிராஸ்பி 1761-லேயே டெர்பியில் பெரும் கூட்டத்துக்கு முன் பேசினார். ஆனால் 1803-இல் வெஸ்லியன் மாநாடு (வெஸ்லியின் வழிவந்த சபையின் ஆட்சிக் கூட்டம்) பெண்களின் பிரசங்கத்துக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆண்களுக்குச் சமமான நிலை அங்கே 1918-இல்தான் கிடைத்தது.

இங்கே சொல்வது பிரிட்டிஷ் மெதடிஸ்ட் சபையின் நடைமுறை. அமெரிக்க வழிவந்த சபைகளில் ‘லோக்கல் பாஸ்டர்’ என்று கேட்டால் குழம்ப வேண்டாம். அவர் உரிமம் பெற்று ஒரு சபைக்கு நியமிக்கப்பட்டவர். தம் சபையில் திருவிருந்தும் (அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) நடத்துவார். அங்கே நம் லோக்கல் பிரீச்சருக்கு நெருங்கியவர் ‘லே ஸ்பீக்கர்’. இலங்கைக்கு 1814-இல் வந்த மெதடிஸ்ட் மிஷனரிகள் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள். அவர்களில் லிஞ்சும் ஸ்குவான்ஸும் அதே ஆண்டு யாழ்ப்பாணம் போனார்கள். ஆகவே இலங்கை மெதடிஸ்த சபையில் வளர்ந்தவர்களுக்குக் கீழே வருவதில் பாதி பழகியதாகவே இருக்கும்.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது

லோக்கல் பிரீச்சர் ஒரு தனி ஆலயத்துக்கு உரியவர் அல்ல. அவரைச் சோதிப்பதும், ஏற்பதும், வேலை கொடுப்பதும் சர்க்கிட். அதனால் அநேக ஞாயிறுகளில் அவர் பிறர் ஆலயத்துக்கு விருந்தாளியாகத்தான் போகிறார். அதிகாரம் உண்டு, ஆனால் வீடு அவருடையதல்ல. நடைமுறையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை மறப்பதால் வருகின்றன.

அவர் முழு ஆராதனையையும் நடத்தலாம்: ஜெபம், வேத வாசிப்பு, பிரசங்கம், ஆசீர்வாதம் எல்லாம். அடக்க ஆராதனையும் பலர் நடத்துகிறார்கள். திருவிருந்துக்குத் தலைமை தாங்குவது மட்டும் அபிஷேகம் பெற்ற போதகரின் வேலை. போதகர் பற்றாக்குறையால் சபையார் திருவிருந்து இல்லாமல் தவிக்கும் சர்க்கிட்டில், மாநாடு குறிப்பிட்ட ஒருவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு அனுமதி தரும். அது பெயர் சொல்லித் தரப்படும் அனுமதி. ‘நானும் பிரீச்சர்தானே’ என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. போதனையிலும் ஒரு வேலி உண்டு. 1932-இல் மூன்று மெதடிஸ்ட் கிளைகள் இணைந்தபோது எழுதப்பட்ட ஒப்பந்தம், வெஸ்லியின் புதிய ஏற்பாட்டுக் குறிப்புகளையும் அவருடைய பிரசங்கங்களின் முதல் நான்கு தொகுதிகளையும் அளவுகோலாக வைக்கிறது. வரிக்கு வரி ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதல்ல. கிருபையால் வரும் இரட்சிப்பு, அது எல்லாருக்கும் உண்டு என்ற அடிப்படையைப் பீடத்தில் நின்று மறுக்கக் கூடாது.

நோட், டிரையல், ஏற்பு

முதலில் நீங்கள் மெதடிஸ்ட் சபை அங்கத்தினராக இருக்க வேண்டும். பிரசங்கிக்கக் கடவுளின் அழைப்பு உண்டு என்று தோன்றினால் உங்கள் போதகரிடம் பேசுங்கள். அவர் சர்க்கிட்டின் பொறுப்பாளரான சூப்பரிண்டெண்டன்ட் போதகரிடம் அனுப்புவார். பிரீச்சர்களின் கூட்டத்தில் ஆலோசித்த பிறகு அவர் எழுத்தில் ஓர் அனுமதி தருவார். அதுதான் ‘நோட்’. நோட்டில் இருக்கும் காலத்தில் தனியாக ஆராதனை நடத்த மாட்டீர்கள். அனுபவமுள்ள ஒரு பிரீச்சர் மென்ட்டராக இருப்பார். அவரோடு போய் ஒரு வாரம் ஜெபம், இன்னொரு வாரம் சிறுவர் பேச்சு, பிறகு ஒரு பிரசங்கம் என்று ஏறுவீர்கள். அவரிடம் ‘நன்றாக இருந்ததா?’ என்று கேட்காதீர்கள். ‘நன்றாக இருந்தது’ என்றுதான் பதில் வரும். ‘எந்த இடத்தில் சபையாரின் கவனம் போனது?’ என்று கேளுங்கள்.

கூட்டம் திருப்தியடைந்தால் ‘டிரையல்’ நிலைக்கு உயர்த்துவார்கள். இனி முழு ஆராதனைகள் உங்கள் பொறுப்பு. கூடவே படிப்பும் உண்டு. படிப்பில் வேதம், இறையியல், ஆராதனை அமைப்பு எல்லாம் வரும். பரீட்சை எழுதி முடிப்பதைவிட, நடத்திய ஆராதனைகளையும் அவற்றைப் பற்றிய சிந்தனைகளையும் கோப்பாகச் சேர்த்துக் காட்டுவதே இன்றைய முறை. அவ்வப்போது உங்கள் ஆராதனைக்கு ஒரு போதகரோ பிரீச்சரோ வந்து உட்கார்ந்து அறிக்கை எழுதுவார். சபையார் சிலரிடமும் கருத்துக் கேட்பார்கள். படிப்பு இழுபட முக்கியக் காரணம், எழுத வேண்டியதைப் பிற்பாடு எழுதலாம் என்று விடுவது. ஆராதனை முடிந்த அன்று மாலையே அரைப் பக்கம் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து எதுவும் ஞாபகத்தில் இருக்காது. சிறுவர், பலவீனர் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம். அதைக் கடைசிக்குத் தள்ளினால் மற்ற எல்லாம் முடிந்த பிறகும் காத்திருக்க வேண்டிவரும்.

கடைசியில் பிரீச்சர்கள் கூட்டத்தில் நேர்காணல். உங்கள் விசுவாச அனுபவம், அழைப்பு, போதனை ஆகியவற்றைக் கேட்பார்கள். கூட்டம் பரிந்துரைத்து, சர்க்கிட் கூட்டம் ஒப்புக்கொண்டால், பொது ஆராதனை ஒன்றில் ஏற்பு நடக்கும். பிறகு வேறு சர்க்கிட்டுக்குக் குடிபெயர்ந்தாலும் நீங்கள் பிரீச்சர்தான். புதிய இடத்தின் சூப்பரிண்டெண்டன்ட் உங்களைப் பிளானில், அதாவது யார் எந்த ஞாயிறு எங்கே என்ற அட்டவணையில், சேர்க்க வேண்டும், அவ்வளவே. இலங்கையிலோ வேறு நாட்டிலோ பிரீச்சராக இருந்து வருகிறவர்கள், புறப்படும் முன்பே அங்குள்ள முகாமைக் குருவிடம் (சூப்பரிண்டெண்டன்ட்) கடிதம் வாங்கி வருவது நல்லது. வந்த பிறகு தபாலில் வரவழைப்பது மாதக்கணக்கில் இழுக்கும்.

பிளான்

சர்க்கிட்டின் உயிர்நாடி பிளான்தான். இடப்பக்கம் ஆலயங்கள், மேலே ஞாயிறுகள், கட்டங்களில் பெயர்கள். மெதடிஸ்ட் ஆண்டு செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. பிளான் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒன்று. சூப்பரிண்டெண்டன்ட் அதைத் தயாரிக்கும் முன், வர முடியாத தேதிகளைக் கேட்பார். கேட்ட நாளில் பதில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் எல்லா ஞாயிறும் வருவீர்கள் என்று எடுத்துக்கொண்டு பெயர் போட்டுவிடுவார். பிறகு அவரைக் குறை சொல்ல முடியாது.

பிளானில் பெயர் வந்த பிறகு போக முடியாமல் போனால், மாற்று ஆளைத் தேடுவது உங்கள் வேலை. இன்னொரு பிரீச்சரோடு தேதி மாற்றிக்கொண்டு, ஆலயத்தைக் கவனிக்கும் பொறுப்பாளரான ஸ்டுவர்டுக்கும் சூப்பரிண்டெண்டன்ட்டுக்கும் இருவருக்கும் சொல்லுங்கள். ஒருவருக்கு மட்டும் சொன்னால் என்ன ஆகும்? ஒரே ஆலயத்துக்கு இருவர் வந்து நிற்பார்கள், அல்லது ஒருவரும் வர மாட்டார். வெஸ்லியின் மாநாட்டுக் குறிப்புகளில் பிரசங்கிகளுக்கான சிறு ஆலோசனைகளில் முதலாவது இதுதான்: உயிர் போகிற காரியம் தவிர வேறெதற்காகவும் சபையை ஏமாற்றாதே. இரண்டாவது, குறித்த நேரத்தில் தொடங்கி குறித்த நேரத்தில் முடி. இரண்டும் இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

திங்கள் முதல் சனி வரை

திங்கள் அல்லது செவ்வாய் அந்த ஆலயத்தின் ஸ்டுவர்டுக்குப் போன் செய்யுங்கள். மின்னஞ்சல் போதும் என்று தோன்றும். ஆனால் கேள்விகள் பல, ஒன்றுக்குப் பதில் வந்தால் இன்னொன்று விட்டுப்போகும். கேட்க வேண்டியவை: எத்தனை மணிக்குத் தொடக்கம், வழக்கமாக எத்தனை பேர் வருவார்கள், பிள்ளைகள் உண்டா, அவர்கள் எந்த இடத்தில் எழுந்து வகுப்புக்குப் போவார்கள், பாடல்கள் புத்தகத்திலா திரையிலா, எந்தப் பாட்டுப் புத்தகம், ஆர்கன் வாசிக்க ஆள் உண்டா அல்லது ஒலிப்பதிவா, வேதம் வாசிப்பது யார், அறிவிப்புகள் எப்போது, இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபம் பழைய வடிவமா புதியதா, இணையத்தில் ஒளிபரப்பு உண்டா. பரமண்டல ஜெபத்தைப் பற்றிய கேள்வி அற்பமாகத் தோன்றலாம். கேட்காமல் போய்ப் பாருங்கள்: பாதிச் சபை ஒரு வடிவம், பாதிச் சபை இன்னொன்று, நடுவில் நீங்கள்.

வேத பாடங்களுக்கு மூன்றாண்டுச் சுழற்சி அட்டவணை உண்டு. முதலாண்டு மத்தேயு, இரண்டாமாண்டு மாற்கு, மூன்றாமாண்டு லூக்கா. யோவான் இடையிடையே வருவார். ஒவ்வொரு ஞாயிறும் பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் என நான்கு. நான்கையும் வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்றையோ இரண்டையோ தேர்ந்தெடுத்து நன்றாக வாசிக்க விடுவதே மேல். நான்கையும் ஒரே பிரசங்கத்தில் கட்டிவைக்க முயல்கிறவர்கள் நான்கிலும் மேலோட்டமாகவே நின்றுவிடுகிறார்கள். அட்டவணையை விட்டு வேறு பகுதி எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எடுத்தால் முந்தைய வாரம் அங்கே யார், எதைப் பேசினார் என்று ஸ்டுவர்டிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாடல் பட்டியல் வியாழன் இரவுக்குள் ஆர்கனிஸ்டுக்குப் போய்ச் சேர வேண்டும். புதன் என்றால் இன்னும் மரியாதை. எண்ணை மட்டும் அனுப்பாமல் முதல் வரியையும், பயன்படுத்தும் புத்தகத்தின் பெயரையும், எத்தனை சரணம் என்பதையும் எழுதுங்கள். ஒரே பாடலுக்கு இரண்டு ராகம் இருந்தால் எது என்பதையும் குறிப்பிடுங்கள். அந்தச் சபைக்குத் தெரியாத பாடல் ஒன்றுக்கு மேல் வேண்டாம். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். சபை உரக்கப் பாடித் தொடங்கினால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும்.

அறுபது நிமிடம்

பெரும்பாலான ஆலயங்கள் ஒரு மணி நேரத்தை எதிர்பார்க்கின்றன. தாளில் கூட்டிப் பார்க்காமல் போனால் மணி கையை மீறும். ஒரு மாதிரிக் கணக்கு:

வரவேற்பும் அழைப்பு வசனமும் 2 நிமிடம், பாடல் 4, துதி ஜெபம், பாவ அறிக்கை, மன்னிப்பின் உறுதி 5, சிறுவர் பேச்சு 5, சிறு பாடல் 3, வேத வாசிப்பு 6, பிரசங்கம் 15, பாடல் 4, மன்றாட்டு ஜெபமும் பரமண்டல ஜெபமும் 6, அறிவிப்பும் காணிக்கையும் 4, கடைசிப் பாடலும் ஆசீர்வாதமும் 5.

மொத்தம் 59. கவனியுங்கள், இதில் பாடல்கள் நான்குதான். பழைய வழக்கப்படி ஐந்தாவது ஒன்றைச் சேர்த்தால் 63 ஆகிவிடும். அப்போது சிறுவர் பேச்சை 2 நிமிடமாக்க வேண்டும், அல்லது சரணங்களைக் குறைக்க வேண்டும். ஜானின் தம்பி சார்லஸ் வெஸ்லியின் நீண்ட பாடல்களில் சரணம் விடும்போது பொருள் அறுபடாமல் பாருங்கள். சிலுவையைப் பாடும் சரணத்தை விட்டுவிட்டு உயிர்த்தெழுதலுக்குத் தாவினால் ஆர்கனிஸ்ட் முதல் ஆளாகக் கேட்பார்.

அறிவிப்புகள்தான் நேரத்தைத் தின்னும் இடம். அவற்றைச் சொல்வது ஸ்டுவர்ட். அவரைக் குறுக்கிடுவது விருந்தாளிக்கு அழகல்ல. முன்கூட்டியே ‘எத்தனை நிமிடம் வேண்டும்?’ என்று கேட்டு, சொன்னதோடு இரண்டு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பிரசங்கம்

15 நிமிட ஆங்கிலப் பிரசங்கத்துக்கு ஏறக்குறைய 1,800 சொற்கள் வேண்டும். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் 1,300 போதும். எழுதி வாசிப்பதா குறிப்போடு பேசுவதா என்பது அவரவர் சௌகரியம். ஆனால் டிரையலில் இருக்கிறவர்கள் முழுவதையும் எழுதுவதே நல்லது. அப்போதுதான் எங்கே சுற்றுகிறோம் என்று கண்ணுக்குத் தெரியும். எழுதும் முன், இன்று சொல்லப்போவதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ‘மற்றும்’ சேர்க்காமல் எழுத முடியவில்லை என்றால் இரண்டு பிரசங்கம் கையில் இருக்கிறது. ஒன்றை அடுத்த தேதிக்கு வையுங்கள்.

முன்னுரை நீள்வது பரவலான குறை. பாடத்தின் வரலாற்றுப் பின்னணியை விளக்கவே ஏழு நிமிடம் போய்விடும். மீதியில் சபையாருக்கு வேண்டிய வார்த்தை அவசரமாக ஓடும். பின்னணியில் அன்றைய செய்திக்குத் தேவையானதை மட்டும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். மற்றொன்று, மூன்று முறை முடிப்பது. ‘கடைசியாக’ என்ற வார்த்தையை ஒரு முறைக்கு மேல் சொல்லும் பிரசங்கத்தைச் சபை அதோடு கேட்பதை நிறுத்திவிடும். வேடிக்கைக் கதைகளில் கவனம் வேண்டும். வீட்டுக்குப் போகும்போது கதை நினைவிருந்து வசனம் மறந்திருந்தால் கதை தோற்றது. வெஸ்லியின் அதே குறிப்புகளில் எளிய வசனத்தைத் தேர்ந்தெடு, வசனத்தை விட்டு அலையாதே என்றும் இருக்கிறது.

ஒரே பிரசங்கத்தை வேறு ஆலயத்தில் மறுபடி பேசலாமா? தாராளமாக. வெஸ்லியே செய்தார். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, ஆலயம், பாடம், பாடல்கள் என்று எழுதி வையுங்கள். ஒரே சபையில் இரண்டாம் முறை அதே உதாரணத்தோடு வந்து நின்றால் முன் வரிசைப் பாட்டிமார் கண்டுபிடித்துவிடுவார்கள். மறுபடி எடுக்கும்போது பழைய தாளை அப்படியே கொண்டுபோகாமல் அந்த வாரத்தை மனதில் வைத்துத் திருத்துங்கள்.

ஜெபங்களும் இருமொழி ஆராதனையும்

பிரசங்கத்துக்கு ஆறு நாள் உழைத்து, ஜெபத்தை நின்ற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் நிறைய. அப்போது மன்றாட்டு ஜெபம் இரண்டாவது பிரசங்கமாக மாறும், அல்லது செய்தித்தாள் தலைப்புகளாக ஓடும். உலகம், சபை, ஊர், நோயாளிகள், துக்கப்படுகிறவர்கள் என்று வரிசை வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாக்கியங்கள், பிறகு அமைதி. அமைதி என்றால் உண்மையாகவே அமைதி: மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நோயாளிகளின் பெயரைச் சொல்லும் முன் அவர்களுடைய சம்மதம் இருக்கிறதா என்று ஸ்டுவர்டிடம் கேளுங்கள். ஆராதனை இணையத்தில் போகிறதென்றால் இன்னும் கவனம்: ஒருவருடைய அறுவைச் சிகிச்சை உறவினருக்கு முன் ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாது.

தமிழர் அதிகம் உள்ள சபைகளில் மொழிபெயர்ப்போடு பேசச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பு நேரத்தை இரட்டிப்பாக்கும். 15 நிமிடத்தில் உங்கள் பங்கு ஏழு நிமிடம்தான். தாளைச் சனிக்கிழமைக்குள் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். முழு வாக்கியத்தைச் சொல்லி நிறுத்துங்கள். பாதியில் நிறுத்தினால் தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் அவர் தொங்கிப்போவார். சிலேடையும் எதுகையும் வேண்டாம். வேத பாடத்தைத் தமிழில் வாசிப்பவர் பழைய மொழிபெயர்ப்பை வைத்திருக்கிறாரா, பொது மொழிபெயர்ப்பையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அழுத்தப்போகும் சொல் அவர் வாசிக்கும் பதிப்பில் இல்லாமல் போகலாம்.

ஞாயிறு காலை

குறைந்தது 25 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். மைக்கைச் சோதியுங்கள், செவிப்புலன் குறைந்தவர்களுக்கான லூப் மைக்கோடு இணைந்திருப்பதால், ‘எனக்குச் சத்தம் போதும்’ என்று மைக் இல்லாமல் பேசுவது அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதற்குச் சமம். வேதப் பகுதியின் பக்கத்தைப் பீடத்தில் உள்ள வேதாகமத்தில் குறித்து வையுங்கள். ஆர்கனிஸ்டிடம் பாடல் வரிசையை ஒரு தடவை சரிபாருங்கள். ஆலயத்தின் பக்க அறையான வெஸ்ட்ரியில் ஸ்டுவர்ட் உங்களுக்காக ஜெபிப்பார். அது சடங்கல்ல, அந்தச் சபை உங்களை ஏற்றுக்கொள்ளும் இடம், ஆகையால் அந்த நேரத்தில் தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

திருவிருந்து இருந்து, அதற்குப் போதகர் தனியாக வருகிறாரென்றால், எந்த இடத்தில் பொறுப்பு கைமாறுகிறது என்பதை முன்பே பேசுங்கள். மன்றாட்டு ஜெபம் யாருடையது, கடைசி ஆசீர்வாதம் யாருடையது என்ற இரண்டும்தான் எப்போதும் தெளிவில்லாமல் போகும்.

முடிந்ததும் வாசலில் நில்லுங்கள். ‘அருமையான பிரசங்கம்’ என்பதை நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம், அதிகம் நம்ப வேண்டாம். யாராவது எதிர்க் கருத்துச் சொன்னால் வாதாடாமல் கேட்டு, அதே நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒருவர் தம் துயரத்தையோ தமக்கு நடந்த துன்புறுத்தலையோ உங்களிடம் சொன்னால், முதலாவதைப் போதகரிடம் தெரிவிக்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். இரண்டாவதை இரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், சர்க்கிட்டின் பாதுகாப்பு அலுவலரிடம் அன்றே போக வேண்டும். பயணச் செலவுப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். வேண்டாம் என்று மறுப்பது தாழ்மையாகத் தோன்றும். ஆனால் வசதியில்லாத அடுத்த பிரீச்சர் கேட்கத் தயங்குவார், ஆலயமும் வரவுசெலவில் அந்தத் தொகையை வைக்க மறந்துவிடும். உங்களுக்குத் தேவையில்லை என்றால் வாங்கிக் காணிக்கையில் போடுங்கள்.